சுருக்கினால் கலங்கும்

“மூஞ்சி தெரியுதா தம்பி?”

வந்து உட்கார்ந்ததிலிருந்து குருவம்மாள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் கற்பகத்தை அடித்துப்போட்டுப் போன ஜீப்பை ஓட்டியவன் முகம் அந்த வீடியோவில் விழுந்திருக்கிறதா, இல்லையா? அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்கக்கா. பெரிய ஃபைலு. மொதல்ல தொறக்கட்டும்,” என்றான் பெர்சி.

உடும்பஞ்சோலையில் இன்னமும் டிவிடி எழுதித் தருகிற ஸ்டுடியோ அவனுடையது ஒன்றுதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஏலக்காய்க் கடையின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. கடைக்காரர் அதைப் பென்டிரைவில் போட்டுக் குருவம்மாளிடம் கொடுத்துவிட்டார். கேஸ் கட்டோடு சேர்க்க டிஸ்க்காகக் கொண்டு வா என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“தொணைக்கு யாரும் வரலையாக்கா? ஒங்க மவன்?”

“அவன் கம்பத்துல இருக்கான். காரியம் முடியற வரைக்கும்கூட நிக்கல. வேலை இருக்குன்னு போயிட்டான்.”

பெர்சிக்கு மனசு கனத்தது. கற்பகத்தை அவனுக்குத் தெரியும். போன மாதம்தான் பவுல்ராஜோடு வந்து, ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கென்று படம் எடுத்துக்கொண்டு போனாள். “வீட்டுல இன்னும் முழுசா ஒத்துக்கலண்ணே. படத்துலயாவது நல்லா சிரிச்சுக்கிறேன்,” என்றாள். அந்தச் சிரிப்பைத்தான் தனியாக வெட்டியெடுத்து, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்திருந்தான்.

வீடியோ திறந்தது. மெல்லிய மஞ்சு மூட்டம். ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி, குடையை மடக்கியபடி கற்பகம் நின்றிருந்தாள். வளைவில் ஜீப் வந்தது. வேகம் குறையவில்லை. ரோட்டை விட்டு இறங்கி நேராக அவளை நோக்கி வந்தது.

பெற்றவள் பார்க்கக் கூடாதென்று பெர்சி அந்த இடத்தைச் சட்டென்று தாண்டினான். ஆனால் குருவம்மாளின் கண் மகள் மேல் இல்லை. அது ஜீப்பின் கண்ணாடியிலேயே இருந்தது.

கொஞ்ச தூரம் போய் ஜீப் நின்றது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான். விழுந்தவள் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினான்.

பெர்சி வீடியோவை நிறுத்தினான். “அக்கா, ஸ்டேஷன்ல அபகடம், விபத்துன்னுதான எழுதியிருக்காங்க? இது அபகடமே இல்ல. வேணும்னே ஏத்திருக்கான், பாவி!”

“மூஞ்சி தெரியுதா?”

“தெரிய வச்சிரலாம். ஆனா முழுசும் டிஸ்க்ல கொள்ளாது, சுருக்கணும். ரொம்பச் சுருக்குனா படம் கலங்கிரும். மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா ஆயிரும்.”

குருவம்மாள் நிமிர்ந்தாள். “அப்ப ரொம்பவே சுருக்கிரு தம்பி. அது போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ் போனாப் போகுதுக்கா. நானே பைக்ல கொண்டாந்து விடுறேன். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்துட்டு, கலங்கின படத்தக் கொண்டுபோய்க் குடுப்பீங்களா?”

ஜீப் வருவதிலிருந்து போவது வரைக்கும் மட்டும் வெட்டினான். தரத்தை உச்சத்தில் வைத்துச் சுருக்கப் போட்டான். திரையில் பச்சைக் கோடு மெல்ல நீள ஆரம்பித்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த குருவம்மாள், போன் பண்ணிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து வெளியே போனாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் திரும்பத் திரும்ப நம்பரை அழுத்துவது தெரிந்தது. மறுமுனையில் யாரும் எடுக்கிற மாதிரி இல்லை.

கோடு முழுசாகி, டிஸ்க் சுழல ஆரம்பித்த நேரத்தில் பெர்சி சும்மா இருக்கவில்லை. ஜீப்பை ஓட்டியவன் திரும்பிப் பார்த்த அந்தக் காட்சியை மட்டும் நிறுத்தி, பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டினான். மஞ்சு விலகியது போல முகம் மேலே வந்தது. இளம் வயது. ஒட்டிய கன்னம். நெற்றியில் சந்தனக் கீற்றுகூடத் தெரிந்தது.

கற்பகத்தின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் ரைட்டர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து பழக்கமானவர். அவருக்கு அந்த முகத்தை வாட்ஸாப்பில் அனுப்பினான். உடனே நீல டிக் விழுந்தது. ‘ஆளைத் தேடச் சொல்லிட்டேன். டிஸ்க்கைக் குடுத்து விடு’ என்று பதிலும் வந்தது.

டிஸ்க் வெளியே வந்தபோது குருவம்மாளும் உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“தம்பி, எனக்கு டிஸ்க்கும் வேண்டாம், கேஸும் வேண்டாம். எல்லாத்தையும் அழிச்சிரு. படம் தெரியலன்னு ஸ்டேஷன்ல நான் சொல்லிக்கிறேன்.”

“யாராச்சும் மெரட்டுனாங்களாக்கா? பயப்படாதீங்க!” பெர்சி மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான். “இங்க பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்குன்னு. ஸ்டேஷனுக்கும் அனுப்பிட்டேன். இனி மலையெறங்கி ஓடுனாலும் தப்ப முடியாது.”

குருவம்மாள் திரையருகே போனாள். காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தான் பெர்சி. அவளோ முந்தானை நுனியால் அந்தக் கன்னத்தில் படிந்திருந்த தூசியை மெல்லத் துடைத்தாள்.

“எனக்கு மிச்சம் இருந்தது இவன் ஒருத்தன்தானே தம்பி.”