தம்பிக்காகப் பார்த்த இடம்

“இந்தக் கம்பி என் கனத்தைத் தாங்கலைன்னா, இப்பவே கிளம்பிடுவேன் சிஸ்டர்!”

சொல்லிக்கொண்டே, குளியலறைச் சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தார் மேஸ்திரி. கம்பி அசையவில்லை. அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காந்துக்கிட்டே பாருங்கண்ணே. சுவர் எங்கேயும் ஓடிடாது.”

இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரிகள் கைவிரித்தவர்களைக் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. தம்பிக்கு இடம் பார்க்க வந்திருப்பதாக மேஸ்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார். ஏற்கெனவே வேறோர் இல்லத்துக்குப் போயிருந்தார். அங்கே கூப்பிடு மணியை அழுத்திவிட்டு நின்றார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டார்.

“நான் கட்டடம் கட்டுறவன் சிஸ்டர். விரிசலுக்கு மேல வெள்ளையடிச்சு ஏமாத்துறதெல்லாம் எனக்கும் தெரியும்.”

“நல்லதாப் போச்சு. எங்கே ஒழுகுதுன்னு சொல்லிட்டுப் போங்க.”

குளியலறைக் கதவை மேஸ்திரி மூடித் திறந்தார். புருவம் உயர்ந்தது.

“கதவு வெளிப்பக்கமாத் திறக்குதே! உள்ளே ஒருத்தர் விழுந்து கிடந்தாலும் திறந்துடலாம். கட்டினவன் யோசனைக்காரன்.”

“அதெல்லாம் இல்லண்ணே. முதல்ல உள்பக்கமாத்தான் திறந்துச்சு. ஒரு அம்மா விழுந்துட்டாங்க, கதவை உடைக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம்தான் எங்களுக்குப் புத்தி வந்துச்சு.”

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் வேலையில் நடந்த தப்பைக் கேட்காமலே சொல்கிற ஆளை அவர் எந்தக் கட்டடச் சாரத்திலும் பார்த்ததில்லை.

அடுத்து பெரிய அறை. ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“வாப்பா. இந்தக் கட்டிலுக்கு யார் வந்தாலும் சரி, குறட்டை மட்டும் விடக் கூடாது. முன்னே இருந்தவன் ரயில் ஓட்டினான்.”

“எனக்கில்லீங்க, என் தம்பிக்கு.”

“தம்பி விடுவானா?”

“அவன் தூங்கினாத்தானே குறட்டை விடறதுக்கு?”

பெரியவர் சிரிக்கப்போய் இருமினார். சிஸ்டர் அவர் முதுகைத் தாங்கித் தலையணையை ஏற்றி வைத்தார். மேஸ்திரி மெத்தையை அமுக்கிப் பார்த்தார். விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை.

“இந்தக் கட்டில் கிடைக்குமா?”

“இதுக்கு ஆள் சொல்லியாச்சுண்ணே.”

“சரி, இதைச் சொல்லுங்க. வலி தாங்காம கத்தினா?”

“கத்துற வரைக்கும் விடமாட்டோம். வலி கிளம்புறதுக்கு முன்னாடியே மருந்து போயிடும்.”

“சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சா?”

“விட்டுடுவோம். பிடிச்சது எதையாவது கேட்டா, ஒரு வாயானாலும் செஞ்சு தருவோம்.”

“இங்கேருந்து குணமாகிப் போனவங்க இருக்காங்களா?”

“இல்லண்ணே. இது அந்த மாதிரி இடம் இல்ல.”

“வியாபாரம் தெரியாத ஆளா இருக்கீங்களே சிஸ்டர்.”

மூலைக் கட்டிலில் ஒரு பெண் நினைவில்லாமல் படுத்திருந்தாள். சிஸ்டர் ஈரப் பஞ்சை எடுத்தார். “உதட்டைத் துடைக்கிறேம்மா, கொஞ்சம் சில்லுனு இருக்கும்” என்று சொல்லித் துடைத்தார். “இப்போ இந்தப் பக்கம் திருப்புறேன்” என்று சொல்லித் திருப்பினார்.

“அவங்களுக்குத்தான் நினைவே இல்லையே, யார்கிட்ட பேசுறீங்க?”

“நமக்கு எப்படித் தெரியும்? சொல்லாம தொட்டா பயந்துட மாட்டாங்களா?”

மேஸ்திரி கட்டிலருகே போனார். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தார். ஒரு புண் இல்லை. நகங்கள் வெட்டப்பட்டு, தலை வாரிப் பின்னியிருந்தது.

ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இடம் எனக்குத் திருப்தி. உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும், கவலையில்லாம கண்ணை மூடலாம். ஆனா ஒரு குறை.”

“சொல்லுங்கண்ணே.”

“இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறீங்க. வர்றவனுக்கு என்ன நோய், எங்கே வலி, ஒரு வார்த்தை கேக்கலையே? இது தப்பில்லையா?”

சிஸ்டர் அவரையே பார்த்தார். மேஸ்திரிக்கு அதற்குமேல் நடிக்க முடியவில்லை.

“தம்பி நல்லாத்தான் இருக்கான் சிஸ்டர். இடம் எனக்குத்தான். சாதாரண வயித்துப்புண்ணுன்னு என்கிட்ட சொல்லி வெச்சிருக்கான். டாக்டர் அவன்கிட்ட சொன்னது, கதவுக்கு வெளியே நின்ன எனக்கும் கேட்டுடுச்சு. அண்ணன் தாங்க மாட்டான்னு, தனியாப் போய் அழுதுட்டு வர்றான் பய. எனக்காக அவன் ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கித் தவிக்கக் கூடாது. அதான் நான் முந்திக்கிட்டேன். அவன் எப்பவாவது இங்கே வந்தா, தைரியமாச் சேக்கச் சொல்லுங்க. நான் வந்ததை மட்டும் சொல்லிடாதீங்க.”

சிஸ்டர் எழுந்து வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்க தம்பி நேத்தே வந்துட்டாருண்ணே. உங்க போட்டோவைக் காட்டி, ‘எங்க அண்ணனுக்கு விஷயம் தெரியாது, நோயைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு.”