தக்காளிக்கு வைத்த ஜன்னல்

செடி வளர மண் வேண்டும் என்று மனித குலம் ஆதிகாலம் முதல் நம்பி வருகிறது. வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: அது தவறு. மண் செடிக்குச் சாப்பாடு அல்ல. சாப்பாட்டை வைத்திருக்கும் பாத்திரம் மட்டுமே. சோற்றை இலையில் போட்டால் என்ன, தட்டில் போட்டால் என்ன?

இந்த உண்மையை மண்ணரை என்ற ஊரில் முதன்முதலாகப் பிரகடனம் செய்தவர் பனியன் கம்பெனி முதலாளி ஆறுச்சாமி. வருஷம் அறுபத்தெட்டு.

அவருக்கு மண் என்றாலே ஆகாது. வெள்ளைப் பனியனில் புழுதிக் கை பட்டால் அந்த உருப்படி டேமேஜ். ஆகவே கம்பெனி வாசலில் ஒரு குழாய். கால் கழுவாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. பெண்கள் உட்கார்ந்து தைத்த பனியனில் நூல் பிசிர் வெட்டும் செக்கிங் கொட்டகைக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் வைத்தால் புழுதி வருமே!

அப்படிப்பட்டவர் மண்ணில்லா விவசாயம் பற்றி ஒரு புத்தகம் படித்தால் சும்மா இருப்பாரா? பின்பக்கம் தனியாக ஒரு கொட்டகை போட்டார். சிமெண்டுத் தொட்டி, உரம் கரைத்த தண்ணீர், மேலே துளை போட்ட பலகை, துளைக்கு ஒரு தக்காளிச் செடி. நாலு பக்கமும் ஜன்னல். புழுதி வராமல் ஜன்னலுக்கெல்லாம் மெல்லிய பனியன் துணித் திரை.

திரையைப் பார்த்ததும் பிசிர் வெட்டும் வேலாத்தாளுக்கு ஒரு யோசனை வந்தது.

"மொதலாளி, இதே மாதிரி எங்க கொட்டாய்க்கும் ஒரு ஜன்னல் வெச்சுக் குடுத்தீங்கன்னா நெம்பப் புண்ணியமாப் போகுமுங்க. புள்ளத்தாச்சி முத்தாயி போன வாரம் மயங்கி உளுந்துட்டாளுங்க."

"இது தக்காளிக்கு, வேலாத்தா. வேருக்குக் காத்து இல்லைன்னா அழுகிப் போயிரும். உங்களுக்கென்ன, வேரா இருக்குது?"

சைக்கிள் பம்பு வைத்துத் தொட்டித் தண்ணீருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சிரித்தார். முதலாளி பேசினால் சிரிப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, தொட்டிச் செடிகளில் பழம் சிவந்த சமயத்தில் பொங்கலூரிலிருந்து ஆறுச்சாமியின் மைத்துனர் மாரப்பன் வந்தார். பரம்பரை விவசாயி.

"ஏனுங் மச்சான், மண்ணே இல்லாம வெள்ளாமையாமா? நான் காட்டை வித்துப்போட்டு நாலு குண்டா வாங்கிக்கட்டுமா?"

"கிண்டல் பண்ணாதே மாப்ளே. நல்லாக் கேட்டுக்க. தண்ணி வேணும். அதுல சத்துக அளவாக் கரைஞ்சிருக்கோணும். எலைக்கு வெளிச்சம், வேருக்கு இருட்டும் காத்தும். அம்புட்டுத்தான். மண்ணு எதுக்குங்கறேன்?"

மாரப்பன் ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். குறை சொல்ல வழியில்லை. முகம் சுருங்கிப்போனது.

வெற்றி வீரராக ஆறுச்சாமி அவரைச் செக்கிங் கொட்டகை வழியாக அழைத்து வந்தார். அங்கே வேலாத்தாளின் பக்கத்தில் ஒரு டால்டா டப்பா. அதில் ஒரு தக்காளிச் செடி, மஞ்சளாகித் தலை தொங்கி, சாகக் கிடந்தது.

"ஆரு இதை இங்க கொண்டாந்து வெச்சது?"

"நானுங்க மொதலாளி. பின்னால மிச்சமாக் கெடந்த நாத்துங்க. உங்க தொட்டித் தண்ணியவே ஊத்துனனுங்க. ஒரு பொட்டு மண்ணுகூடப் போடலீங்க."

மாரப்பனுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா மச்சான்? மண்ணில்லைன்னதும் பட்டுப்போச்சு!"

ஆறுச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. தம் மேல் பழி வந்தால் பொறுப்பார். விஞ்ஞானத்தின் மேல் வரலாமா?

"மண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடா! எடம் அப்படி! காத்தும் வெளிச்சமும் இல்லாத இந்தப் பொந்துக்குள்ள ஒரு உசுரு எப்படிப் பொழைக்கும்?"

அத்தனை கத்திரிக்கோல்களும் ஒரே சமயத்தில் நின்றன. முத்தாயி வயிற்றின் மேல் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

மாரப்பன் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆமாங் மச்சான், இங்க ஜன்னலே இல்லீங்களே?"

ஆறுச்சாமி ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெக்கப் போறேன். செடிக்கு! இதே எடத்துல, இதே டப்பாவுல, மண்ணில்லாம வளத்திக் காட்டறேன். அப்பறமும் செத்துச்சுன்னா ஜன்னலை அடைச்சுப்போட்டு, நீ சொல்றதுதான் செரின்னு ஒத்துக்கறேன். போதுமா?"

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். சுவருக்கு இரண்டாக எட்டு ஜன்னல், எட்டுக்கும் துணித் திரை. முத்தாயி பிரசவத்துக்குப் போகும்வரை மறுபடி மயங்கவில்லை. டப்பாச் செடியும் தலை நிமிர்ந்தது.

மாரப்பன் மாதாமாதம் பார்க்க வந்தார். செடி இருந்தது. சித்திரை வெயிலில் வந்தார், இருந்தது. அடுத்த சித்திரையிலும் இருந்தது. கடைசியில் அவரே தோல்வியை ஒத்துக்கொண்டு, வருவதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு ஆறுச்சாமி பேசிய கூட்டங்களில் எல்லாம் மனித குலத்தின் இன்னொரு தவறான நம்பிக்கையையும் திருத்தத் தொடங்கினார்.

"தக்காளிச் செடி சில மாதங்களுக்கு மேல் உயிரோடு இருக்காது என்கிறார்கள். அது மண்ணில் வளர்கிற செடி! எங்கள் செக்கிங் கொட்டகைச் செடிக்கு இப்போது வயது மூன்று."

டப்பாச் செடி மஞ்சளாகத் தொடங்கும்போதெல்லாம், வேலாத்தாள் தன் வீட்டுப் புறக்கடையில் சாணி உரம் போட்டு வளர்த்த நாற்று ஒன்றை முந்தானையில் மறைத்து எடுத்து வருவாள். வாசல் குழாயில் தன் காலையும் அதன் வேரையும் மண் போகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாள்.