பவுடரில் பதிந்த கை

“ஏங்க, இங்க வந்து பாருங்க. யாரோ நம்ம இஞ்சின்ல கை வச்சிருக்காங்க.”

மனைவியின் குரலைக் கேட்டு, குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார் தையல் மெஷின் ரிப்பேர்காரர்.

அந்தப் பழைய டீசல் கேரவன்தான் அவர்களுக்கு வீடு, கடை எல்லாமே. ஊர் ஊராகப் போய் மெஷின் பார்த்துப் பிழைப்பவர்கள். இப்போது கேரவன்கள் நிறுத்தும் ஒரு மைதானத்தில் தங்கியிருந்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் மகளுக்குத் தலைப்பிரசவம். பிரஷர் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாப்பிள்ளையிடமிருந்து எந்த நேரமும் போன் வரலாம்.

கிளம்பலாம் என்றால் இஞ்சின் ஆயில் ஒழுகுகிறது. எங்கிருந்து என்றுதான் பிடிபடவில்லை. அடியில் அட்டை விரித்தால் விடிவதற்குள் கறுப்புக் கறுப்பாய்ச் சொட்டியிருந்தது. மேல் மூடியின் பேக்கிங்கை மாற்றினார். ஒழுகல் நிற்கவில்லை.

கடைசியாக நேற்று இஞ்சினை டீசல் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, மனைவியின் முகப் பவுடரை மேலெல்லாம் தூவி ஓடவிட்டார். ஆயில் வரும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். இஞ்சினின் பின்பக்கம், அடியில் நனைந்தது.

“பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு போல. கியர்பாக்ஸையே இறக்கணும்.”

“இறக்கினா எப்பங்க கிளம்புறது?”

அவர் பவுடர் டப்பாவை மூடி மனைவியிடம் நீட்டினார்.

விடிந்து பார்த்தால் இது. வெள்ளைப் பவுடரில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன.

“உங்க கைதானே?”

“என் கை இவ்வளவு பெரிசா?”

இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்துக் கேரவனைப் பார்த்தார்கள்.

அதில் இருந்தவர் தனி ஆள். பெயர் தெரியாது. மனைவி வைத்த பெயர் சிடுமூஞ்சி. வந்த அன்றே, “காலங்காத்தால இஞ்சினைப் போட்டு உறுமவிடாதீங்க, மனுஷன் தூங்க வேண்டாமா?” என்று சண்டைக்கு வந்தவர். அதோடு பேச்சுவார்த்தை கிடையாது. நேற்றுகூட இவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, “அது வந்து…” என்று ஆரம்பித்தார். “சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். காதைப் பொத்திக்குங்க” என்று ரிப்பேர்காரர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

“அந்த வன்மம்தான். என்னத்தைக் கழட்டினாரோ,” என்றாள் மனைவி.

இவர் துருவித் துருவிப் பார்த்தார். வயர், குழாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நேராக மைதான மேனேஜரிடம் போனார்.

“எதையாவது எடுத்துட்டாரா சார்?” என்றார் மேனேஜர்.

“எடுத்தாரா கெடுத்தாரான்னு யாருக்குத் தெரியும்? அடுத்தவன் வண்டியைத் திருட்டுத்தனமா திறக்கிற ஆளை வச்சுக்கிட்டு நாங்க எப்படி நிம்மதியா இருக்கிறது? ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்.”

“சரி, நான் பார்த்துக்கறேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாப்பிள்ளை. குரல் சரியில்லை.

“மாமா, இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. அத்தையைக் கூட்டிட்டு வந்துடுங்க.”

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆயில் அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, மிச்சக் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மலைப்பாதையில் வண்டி முக்கி முனகி ஏறியது. ஆயில் போய் இஞ்சின் ஜாம் ஆகிவிட்டால், நடுக்காட்டில் ஈ காக்கை கிடையாது. வளைவுக்கு வளைவு ஓரம்கட்டி, அட்டையை அடியில் தள்ளிக் குனிந்து பார்த்தார்.

“சொட்டுதா?”

“இல்லை.”

“நல்லதுதானேங்க. ஏன் முகம் இப்படி இருக்கு?”

“சொட்டுறதுக்கு உள்ள ஆயில் இருக்கணுமில்ல.”

ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. துடைத்து மறுபடியும் விட்டு எடுத்தார். அப்படியேதான் இருந்தது. சந்தோஷப்படக்கூடத் தைரியம் வரவில்லை. மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். மனைவி வழி முழுக்கக் கண்ணை மூடி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை ஓடி வந்தான்.

“பொண்ணு பிறந்திருக்கா மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். பேத்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கு மூச்சே சீராக வந்தது. மேனேஜருக்குப் போன் போட்டார்.

“நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். திரும்பி வர வரைக்கும் எங்க இடத்தை யாருக்கும் கொடுத்துடாதீங்க.”

“சந்தோஷம் சார். பக்கத்து இடமும் காலிதான். நீங்க சொன்ன மாதிரி அவரைக் கிளப்பி அனுப்பிட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க. ஏதாவது தகராறு பண்ணினாரா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார். ஆனா, வண்டியை எடுக்கும்போது உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்.”

“என்னவாம்?”

“‘அவங்க மகளைப் பத்திப் பேசினது காதுல விழுந்துச்சு. பின்பக்க சீல் நல்லாத்தான் இருக்கு, கியர்பாக்ஸை இறக்கிட வேணாம்னு சொல்லுங்க. அதுக்கு மேல மறைவுல இருக்கிற ஆயில் பிரஷர் சுவிட்ச்தான் கசிஞ்சு கீழே வழிஞ்சிருக்கு. நான் சொன்னா அவர் காது கொடுக்க மாட்டார், அதான் சொல்லாமலே புதுசு மாட்டிட்டேன்’னார் சார்.”