வெளிவாசல்

அத்தனை பெரிய ரயில் நிலையத்தை இடித்தவர்கள், பயணிகள் வெளியேறும் வாசலின் கல்வளைவை மட்டும் புல்வெளி நடுவே அழகுக்கு விட்டுவைத்திருந்தார்கள். இருபுறமும் திறந்த வெளி. ஆனாலும் கூட்டம் அதற்குள் நுழைந்துதான் போனது. முப்பது வருடம் அந்த வாசலில் டிக்கெட் பரிசோதகராக நின்று, வெளியேறும் பயணிகளிடம் டிக்கெட் வாங்கிய எத்திராஜுலு, பழைய இடத்தைப் பார்க்க வந்து வளைவோரமாய் நின்றார். ஆட்கள் நெருங்கியதும் அவரை அறியாமலே வலது கை நீண்டது. ஒரு பெண் அதில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தாள்.

"ம், போங்க," என்றது பழகிய வாய்.

அவள் நின்று திரும்பினாள். "பிச்ச போட்டா அதிகாரத்தப் பாரு."

எத்திராஜுலு கையை மடக்கப் பார்த்தார். அதற்குள் பின்னால் வந்தவர்கள், அந்தக் காலத்தைப் போலவே, சட்டைப்பையைத் துழாவியபடி வரிசையில் நெருங்கினார்கள்.