ஒரு கொய்யாகூட உருளவில்லை

கடைசித் திருகாணியை அப்பாஸ் முறுக்கிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது.

கிளெமென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் வர வேண்டிய மனைவி டெய்சி காலை ஒன்பதுக்கே வந்துவிட்டாள். வேளாங்கண்ணிக்குப் போனவள் மாதாவிடம் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு வந்தால்தான் என்ன?

போர்ட்டிகோவில் நின்ற அம்பாசிடர் அவள் அப்பா விட்டுப்போனது. அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி. ஐந்து வருடத்துக்கு முன்பு கிளெமென்ட் அதைக் கோயில் மணிக்கூண்டில் உரசினார். அன்றிலிருந்து, அவள் கையால் சாவி தராமல் அந்த ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று பைபிளில் கைவைத்துச் சத்தியம்.

இத்தனைக்கும் அவர் தலைமை ஆசிரியர். வாராவாரம் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பேசுபவர்.

சாவி சீரக டப்பாவில் இருப்பது அவருக்கு முதல் வருடமே தெரியும். நாலு வருடம் சீரகத்தை முகர்ந்து பார்த்தே காலம் தள்ளினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கோயில் பஸ்ஸில் ஏறினாள். சனிக்கிழமை கருக்கலில் இவர் கார் உறையைப் பின்னாலிருந்து உருவி, சுவரைப் பார்த்து நின்ற வண்டியை ரிவர்ஸில் எடுத்துவிட்டார்.

ஆயக்குடி வரைக்கும் ராஜாதான். அங்கே ஒரு கொய்யாத் தள்ளுவண்டியில் லேசாக முட்டினார்.

இறங்கிப் பார்த்தால், முன்பக்க கிரில்லில் நாலு கம்பிகள் உள்ளே போயிருந்தன. தள்ளுவண்டிக்காரர் பொம்மையனுக்கே ஆச்சரியம்.

“ஏனுங்க, என்ற வண்டியில ஒரு கொய்யாகூட உருளலீங்க. உங்க காரு இத்தனை பூஞ்சையாங்க?”

அந்தக் காலத்து இரும்பின் லட்சணம் இவ்வளவுதானா என்று செத்துப்போன மாமனார் மேல் கிளெமென்டுக்குக் கோபம் வந்தது.

நாகல் நகர் பட்டறைக்காரர் அப்பாஸ் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் கம்பிகளை நிமிர்த்தி, பூட்டுக்கு முலாம் போடுகிற இடத்தில் கொடுத்து நிக்கல் ஏற்றிக்கொண்டு வந்தார். வேலை சுத்தம். அதுதான் வினையாகப் போயிற்று. மங்கிக் கிடந்த வண்டியில் கிரில் மட்டும் கிழவனுக்குப் பல் செட் வைத்த மாதிரி சிரித்தது. மங்க வைக்கலாமென்று மாட்டுவதற்கு முன் கிளெமென்ட் சாம்பல் போட்டுத் தேய்த்தார். இன்னும் பளிச்சென்று ஆகிவிட்டது.

அதில் தன் முகம் தெரிந்ததும், அந்த அவசரத்திலும் அவர் கை சீப்பை எடுத்தது. வருகிற வெள்ளிக்கிழமை பணி ஓய்வு விழா. பள்ளிக்கூடத்திலேயே அந்த வயதில் முழுத் தலைமுடியோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். குரூப் போட்டோவுக்காக மூன்று மாதமாக வளர்த்து, சாயம் பூசி வைத்திருந்தார்.

“சார், கம்பி இடுக்குல பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. அந்தத் தள்ளுவண்டி பச்சையா?” என்றார் அப்பாஸ்.

“கொய்யா பச்சைதானே அப்பாஸ்? விடுங்க.”

ஆட்டோ வாசலில் நின்றது. கிளெமென்ட் உறையை இழுத்து மூடினார். கேட்டை ரிப்பேர் பார்க்க வந்ததாகச் சொல்லும்படி அப்பாஸைத் தள்ளிவிட்டார். மூன்று நாளாகத் தாழ்ப்பாள் சேராமல் மக்கர் செய்துகொண்டிருந்த கேட். பொய்க்குத் தோதாக இருந்தது.

அப்பாஸ் கேட்டின் முன் குத்தவைத்தார். உள்வாங்கியிருந்த தகட்டைத் தடவினார். பெயர்ந்திருந்த பச்சைப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். பிறகு மெதுவாகத் திரும்பி கிளெமென்டைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். கிளெமென்டுக்கு அதைக் கேட்க ஏது நேரம்?

கேட்டருகே ஆளைக் கண்டதும் டெய்சியின் முகம் வெளிறியது. பையை அப்படியே போட்டுவிட்டு நேராகக் காரின் முன்னால் போய் உறையைத் தூக்கினாள்.

கிளெமென்ட் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

“மாதாவே!”

கண்ணைத் திறந்தால், டெய்சி சிமென்ட் தரையில் முழங்காலில் நின்றாள். தீர்த்த பாட்டிலைத் திறந்து கிரில்மேல் தெளித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“வெள்ளிக்கிழமை நான்தாங்க கேட்டுல கொண்டுபோயி முட்டிட்டேன். உங்ககிட்டச் சொன்னா மானம் போயிருமேன்னு உறையைப் போட்டு மூடிட்டுப் போனேன். ‘தாயே, அவரு கண்ணுல படுறதுக்குள்ள நீயே நிமித்திக் குடு’ன்னு அழுது கேட்டேன். குடுத்துட்டாங்க!”

கிளெமென்டுக்கு வயிற்றில் பால் வார்த்தது. மானசீகமாக மாமனாரிடமும் அந்தக் காலத்து இரும்பிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இனி அவள் மணிக்கூண்டுப் பேச்சை எடுத்தால் எடுக்கட்டும், கேட்டில் முட்டிய பேச்சு இவர் கையில் இருக்கிறது.

டெய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தாள். அத்தனை வாஞ்சையாக அவள் அவரைப் பார்த்து இருபது வருடம் இருக்கும்.

“மாதாகிட்ட நேந்துக்கிட்ட பொருத்தனையைத் தள்ளிப்போடக் கூடாதுங்க. வியாழக்கிழமையே போயி உங்களுக்கு மொட்டை போட்டுட்டு வந்துருவோம்.”

கேட்டருகே அப்பாஸ் தோள் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை உண்மை சொன்னால் முடி தப்பிக்கும். கிளெமென்ட் குனிந்து, கிரில்லில் தன் தலையை ஒருமுறை ஆசைதீரப் பார்த்துக்கொண்டார்.

“சரி” என்றார். “ஆனா கார்லதான் போறோம். நான்தான் ஓட்டுவேன்.”