கூரை எட்டாத சுவர்

ஏணியில் கால் வைத்த மேசன் திலக்ஷனைப் பேச்சியம்மா மறித்தாள்.

"பொறுங்க தம்பி. பக்கத்து வீட்டு அழகம்மாவுக்கு ரொட்டியப் போட்டுடுறேன். அப்புறம் நீங்க கோட்டையே கட்டுங்க."

பழைய பேப்பரில் சுற்றிய ரொட்டியைச் சுவருக்கு மேலாக வீசினாள். அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது.

தலவாக்கலை டவுனில் அந்த மாடிக் கட்டடத்தை யாரோ தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை மனதில் வைத்துக்கொண்டே கட்டியிருக்க வேண்டும். ஆறு வீடு. ஒரு நடுச்சுவர்கூடக் கூரையைத் தொடவில்லை. ஒருவர் இருமினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும்.

முதலாளி இப்போது அதை வீடுவீடாகப் பிரித்து விற்கிறார். வாங்க முடிந்தவர்கள் இருக்கலாம். முடியாதவர்கள் கிளம்ப வேண்டியதுதான். பேச்சியம்மா இருக்கும் வீட்டைக் கட்டாரில் வேலை செய்யும் மகன் அவள் பேருக்கே வாங்கிவிட்டான். ஆனால் சுவர் கூரைவரை ஏறினால்தான் தனி உறுதிப் பத்திரம் எழுதுவார்கள். அளக்க நாளைக்கு ஆள் வருகிறது.

திலக்ஷனும் லயத்தில் பிறந்தவன்தான். சுவருக்கு மேலாக உப்பு வரும், தீப்பெட்டி வரும், வசவும் வரும். வந்து சேர்ந்தால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார்கள்.

தட்டு வரவில்லை.

"சீமாட்டிக்கு இன்னும் விடியல. இருபது வருசமா இப்படித்தான்" என்று சிரித்தாள் பேச்சியம்மா. பிறகு குரலைத் தணித்தாள். "ஒரே ஒரு கல்ல மட்டும் வைக்காம விடுங்களேன். ரொட்டி போற அளவுக்கு."

"விட்டா உறுதி கிடைக்காதுங்கம்மா."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திலக்ஷன் ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

அறை காலி. கட்டில் இல்லை, பானை சட்டி இல்லை. கலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

சுவரடியில் பேப்பர் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். அடியில் கிடந்தவை பூசணம் பூத்திருந்தன. மேலே கிடந்த ஒன்றில் மட்டும் இன்னும் ஆவி.

பிறகு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தான். கைச் சாந்தை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, சுவரை இரண்டு தட்டுத் தட்டினான்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவ தட்டு இப்படி இருக்காது தம்பி." பேச்சியம்மாவின் குரல் சுவருக்கு மேலாக வந்தது. "கட்டுங்க."