பாராசூட் துணி கட்டிய மருமகள்

போர் முடிந்து நான்கு மாதமாகியும் எங்களை ஆப்பிரிக்காவுக்கு, எங்கள் ஊரான கோல்ட் கோஸ்ட்டுக்குக் கொண்டுபோகும் கப்பல் வரவில்லை. பர்மா முகாமின் சாயும் வெயிலில், குண்டுப் பெட்டிகளை அடுக்கிய மேடைமேல், ஆறடி உயர இயந்திரத் துப்பாக்கிக்காரன் அன்சோங் பாராசூட் துணியை மார்பில் கட்டிக்கொண்டு, மாமியார் பட்டினி போடும் மருமகளாக உட்கார்ந்திருக்கிறான். மடியில் காலித் தட்டு. முன்னூறு சிப்பாய்களும் சிரிக்கிறோம். "ஏ மருமகளே, மீசைய மாமியார்கிட்ட அடகு வச்சிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அன்சோங் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாடத் தொடங்குகிறான். கிதாரும் பெட்ரோல் டின் மத்தளமும் மெல்லச் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாம் அடிக்குள் மீசை எங்கள் கண்ணில் படுவதில்லை. பசித்த பெண் ஒருத்திதான் அங்கே இருக்கிறாள். முன்வரிசையிலிருந்து டோடூ எழுகிறான். ஆற்றங்கரைச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவன். அவனில்லாமல் எப்படி ஊர் திரும்புவது என்று, நாலு நாளாகத் தன் சோற்றைத் தொடாமல் முகாம் நாய்க்குப் போடுகிறவன். ஊர் நாடகத்தில் பசித்து அழுபவளுக்குப் பார்க்க வந்த நாங்களே தின்ன ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பதுபோலவே மேடையேறி, சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைக்கிறான். "அழாத தாயி. சாப்பிடு." யாரும் சிரிக்கவில்லை. அன்சோங் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை நீட்டி, பாட்டின் மெட்டிலேயே கேட்கிறான்: "அண்ணன் சாப்பிடாம தங்கச்சிக்கு எப்படிண்ணே எறங்கும்?" கிதார் அதே இரண்டு கம்பிகளில் காத்திருக்கிறது. டோடூ நின்றபடியே அதை வாயில் வைக்கிறான். கல்லு மாதிரியான அந்த ராணுவ பிஸ்கட் கடிபடும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கிறது.